மீட்டருக்கு வேர்க்குதா பாஸ்?

பைக் ஸ்பீடோமீட்டர் கண்ணாடியோட உள்பக்கம் புகை மூட்டமா இருக்கா? வெளியில எவ்வளவு துடைச்சாலும் போகலையா? இந்த வார மேட்டர் உங்களுக்குத்தான்!

எங்க ஊர் விழுப்புரம் மாவட்டம், அனந்தபுரம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சே, ஞாபகம் இருக்கா? மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை! அந்த வெள்ளத்துல அப்பாவோட பைக்கும் மூழ்கி எழுந்துச்சு. இன்ஜின் சரியாகிடுச்சு. மீட்டர்ல மட்டும் ஈரம். ஒரு மெக்கானிக் அண்ணன் சுத்திவர சிலிகான் பசை வெச்சு அடைச்சுக் கொடுத்தார். வினையே அங்கதான்!

வெளித் தண்ணி உள்ளே வராது, சரி. உள்ளே இருக்கிற தண்ணி எப்படி வெளியே போகும்? 30 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்கு இறங்கினா 17 கிராம்தான். மிச்சம் கண்ணாடியில முத்து முத்தா ஒட்டிக்கும். அதான் பகல்ல பளிச், ராத்திரியில மூட்டம்!

மார்கழியில ஒருநாள், விழுப்புரத்துலேர்ந்து திரும்பின அப்பாவுக்கு பெட்ரோல் முள் தெரியலை. நடுவழியில வண்டி நின்னுடுச்சு. இருட்டுல மூணு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டே வந்தார். திட்டலை. ''இன்ஜினீயரிங்தானே படிக்கிறே... இதைக் கொஞ்சம் பாரேன்''னார். சுருக்குனு இருந்துச்சு.

மறுநாளே 'ஆபரேஷன் மீட்டர்'! பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு, மீட்டரைத் தனியா எடுத்தேன். பசையைச் சுரண்டி, ஸ்க்ரூவைக் கழட்டி மூடியைத் திறந்தேன். காத்துப் புகாத டப்பாவுல, புது சிலிகா ஜெல் பாக்கெட்டுகளோட மூணு நாள் மூடி வெச்சேன். அம்மா அரிசி டிரம்மைக் காட்டினாங்க. 'வேணாம்மா, அரிசியிலேயே 12 - 14 சதவிகிதம் ஈரம் இருக்கு. தூசி வேற உள்ளே போயிடும்'னு சொல்லிட்டேன். ஷூ டப்பாவுல கிடக்கிற பழைய பாக்கெட்டும் வேஸ்ட். அது ஏற்கெனவே ஈரத்தைக் குடிச்சிருக்கும்.

நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் மூடினேன். மீட்டரோட அடியில குட்டி ஓட்டை இருந்தா, அது மூச்சு விடற வழி. சேறு அடைச்சிருந்தா எடுத்துடுங்க, பசை வெச்சு அடைக்காதீங்க. ஹேர் டிரையரை சூடா வெச்சா பிளாஸ்டிக் வளைஞ்சுடும். வாட்டர் வாஷ்ல மீட்டர் மேல தண்ணியைப் பீய்ச்சி அடிக்க விடாதீங்க. டிஜிட்டல் மீட்டரா, பசை போட்டு ஒட்டின மூடியா, வாரன்டி இருக்கா... கை வைக்காம சர்வீஸ் சென்டருக்குப் போங்க. 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு மட்டும் விட்டுடாதீங்க. உள்ளே சர்க்யூட்ல பச்சை பூத்துச்சுன்னா மீட்டரே காலி!

ஆக, முதல்ல காய வைக்கணும், அப்புறம்தான் மூடணும். அப்பா இப்பல்லாம் ராத்திரி கிளம்பறப்போ கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டி, ''முள் தெரியுதுடா''ங்கறார். செமஸ்டர் ரிசல்ட்டுக்குக்கூட நம்ம வீட்ல இப்படிப் பாராட்டு வந்ததில்லை பாஸ்!