விருந்துக்கு மறுநாள் பட்டினி எதற்கு?

ஒரு நாள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டால் ஒரு மாதக் கட்டுப்பாடும் பாழ், மறுநாள் பட்டினி கிடந்துதான் அதை ஈடுகட்ட வேண்டும் என்று எடை குறைக்க முயலும் பலர் நம்புகிறார்கள். சுற்றியிருப்பவர்களும் அதையே ஓதுகிறார்கள். இது தவறு. விருந்து செய்யும் கெடுதலைவிட இந்த நம்பிக்கை செய்யும் கெடுதல் பெரிது.

ஒரு கல்யாண நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் பொங்கல், வடை, கேசரி. மதியம் இலையில் பருப்பும் நெய்யும், சாம்பார், வத்தக்குழம்பு, பாயசம், கேட்காமலே வைத்துவிட்டுப் போன இரண்டாவது ஜாங்கிரி. இரவு வரவேற்பில் பரோட்டாவும் ஐஸ்கிரீமும். விடிந்ததும் எடை மெஷினில் ஏறினால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. பார்த்தவருக்கு மனசே விட்டுப்போகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பு சேர, அன்றாடத் தேவை போக ஏறத்தாழ 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். ஒன்றரைக் கிலோவுக்கு 11,500. எந்தப் பந்தியிலும் ஒருவர் ஒரே நாளில் அவ்வளவு சாப்பிட முடியாது. வழக்கத்தைவிட 1,500 கலோரி கூடியிருந்தாலும் சேரும் கொழுப்பு 200 கிராமுக்குள்தான். மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்து கிளைக்கோஜனாகத் தசையிலும் கல்லீரலிலும் தங்கும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் உடன் வைத்துக்கொள்கிறது. அப்பளம், ஊறுகாயின் உப்பும் நீரைப் பிடித்துவைக்கும். குடலில் இருக்கும் உணவுக்கும் எடை உண்டு. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் இதெல்லாம் தானாக இறங்கிவிடும்.

'லங்கணம் பரம ஔஷதம்' என்பார்கள் பெரியவர்கள். வயிறு மந்தமாக இருந்து பசிக்கவில்லையென்றால் ஒருவேளை விடுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. பசித்த வயிற்றைத் தண்டனையாகக் காயப்போடுவதைத்தான் எதிர்க்கிறேன். காலையில் வெறும் காபி, மதியம் வெள்ளரிக்காய் என்று ஓட்டினால், சாயங்காலம் கை தானாகத் தாம்பூலப் பையிலிருக்கும் லட்டுக்குப் போகும். அடுத்தது மிக்சர் டப்பா. "போனது போச்சு, திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்" என்ற வசனம் அப்போதுதான் வரும். வியாழக்கிழமைக் கல்யாணச் சாப்பாடு ஞாயிறுவரை நீள்வது இப்படித்தான்.

பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் 1975-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. கல்லூரி மாணவிகள் சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். உணவைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டி வந்தவர்களோ, மில்க் ஷேக் குடித்திருந்தால் இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு உடைந்துவிட்டது என்ற நினைப்பே அவர்களைச் சாப்பிட வைத்தது.

சர்க்கரை நோயாளிகளிடம் இந்தப் பட்டினி யோசனையைச் சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தவிர்த்தால், இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கி மயங்கி விழ நேரலாம்.

நான் சொல்வது எப்போதோ வரும் ஒரு நாளைப் பற்றி. தினம் 500 கலோரி வீதம் ஐந்து நாள் குறைத்த 2,500-ஐ, சனி ஞாயிறு இரண்டு நாள் விருந்து துடைத்துப்போட்டுவிடும். வாரந்தோறும் நிறுத்த முடியாமல், பிறர் கண்ணுக்கு மறைத்துச் சாப்பிடும் நிலை வந்தால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய சங்கதி. அதற்கும் பட்டினி மருந்தல்ல, பெரும்பாலும் அதுவே தூண்டுகோல்.

மற்றவர்களுக்கு மறுநாள் ஒரு சாதாரண நாள். பசித்ததும் இட்லி சாம்பார், மதியம் வழக்கமான அளவுச் சோறும் கூட்டும் பொரியலும், வழக்கமான நடை. கூடுதலாக ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டாம். லட்டுப் பையை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம். எடை மெஷினில் ஒரு வாரம் கழித்து ஏறினால் போதும்.