எஃப்.சி. இல்லாத 15 ஆண்டுகள்

வாடகைக் கார் ஓட்டுபவரைக் கேட்டால் எஃப்.சி. என்றால் என்னவென்று சொல்வார். வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும், அவர் அதை அரசின் முன் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். பிரேக், விளக்கு, டயர், ஸ்டியரிங் எல்லாம் பார்த்து, ஓடத் தகுதி உண்டு என்று சான்று கொடுத்தால்தான் அது மறுபடி ரோட்டுக்கு வரலாம். நம் சொந்தக் காருக்கு அந்தத் தொல்லை இல்லை. புதிதாக வாங்கிப் பதிவு செய்தால் 15 ஆண்டுகள் செல்லும். அதுவரை அதன் பிரேக் பிடிக்கிறதா என்று எந்த அதிகாரியும் கேட்கப்போவதில்லை. இடையில் நாம் எடுக்கும் மாசுச் சான்று புகையை மட்டும் பார்க்கிறது. இன்சூரன்ஸ், விபத்துக்குப் பிறகு வரும் பணக்கணக்கை மட்டும் பார்க்கிறது.

பிரிட்டனில் மூன்று வயதான கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போகிறது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் மூன்றாண்டு முடிந்ததும் ஒருமுறை, பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை. நம் நாட்டுச் சட்டமோ சொந்தக் கார் வைத்திருப்பவரை நம்பி, 15 ஆண்டுகளுக்கு அவரையே ஆய்வாளராக விட்டுவிட்டது. அந்த வேலையை நாம் செய்யவில்லை. காசு இல்லாமல் விட்டோம் என்று சொல்ல முடியாது. தெரியாமல் விட்டோம் என்பதும் பாதி உண்மைதான். கேட்க ஆளில்லை, அதனால் விட்டோம். எஃப்.சி. எடுப்பதில் நடக்கும் புரோக்கர் விளையாட்டுகளைப் பற்றி நாம் கேலி பேசுவோம். பேசலாம். ஆனால் அதற்கு முந்தின நாள் அந்த டிரைவராவது எரியாத பிரேக் லைட்டுக்கு ஒரு பல்பு வாங்கிப் போட்டிருப்பார். நம் வண்டியின் பின்விளக்கு எத்தனை மாதமாக எரியவில்லை என்பது நமக்குப் பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும்.

டயரிலிருந்து தொடங்கலாம். பெட்ரோல் பங்க்கில் காத்து அடிக்கும் பையன், “எவ்வளவு சார் வைக்கட்டும்?” என்று கேட்கிறான். “நார்மலா வைப்பா” என்கிறோம். நார்மல் என்றொரு அளவு எந்தக் காருக்கும் கிடையாது. பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, ஆட்களும் சாமானும் நிறைந்திருந்தால் எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். அந்தக் கதவைத் தினமும் திறக்கிறோம், ஸ்டிக்கரைப் படித்ததில்லை. காத்தை டயர் சூடாவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். நாமோ நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, டயர் கொதிக்கும்போது பங்க்கில் நிறுத்துகிறோம். சூட்டில் அளவு கூடித்தான் காட்டும். அதைப் பார்த்து “அதிகமா இருக்கு, கொஞ்சம் எறக்கு” என்று வேறு சொல்கிறோம். வெப்பம் தணிந்ததும் அந்த டயரில் இருக்க வேண்டியதைவிடக் குறைவாகக் காத்து இருக்கும்.

காத்துக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது. மடங்கி விரியும் ரப்பர் சூடேறும். அதற்கு மேல் சித்திரை வெயில், தார்ச்சாலையின் தகிப்பு, ஏழு பேரை ஏற்றிய ஐந்து பேர் கார், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம். பிறகு ஒருநாள் ‘டயர் வெடித்து கார் கவிழ்ந்தது’ என்று செய்தி வரும்போது அதை விதி என்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம். வாரக்கணக்கில் குறைந்துகொண்டே வந்த காத்தைப் பற்றிச் செய்தியில் ஒரு வரியும் இருக்காது.

டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் அந்தக் கார் ரோட்டில் ஓடக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அதைக் காட்டவே பள்ளங்களுக்கு நடுவே சிறு ரப்பர் மேடுகளை வைத்திருக்கிறார்கள். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் ஆயுள் முடிந்தது. மழை நாளில் தண்ணீரை விலக்கிச் சாலையைப் பற்றிக்கொள்வது அந்தப் பள்ளங்கள்தான். “இன்னும் ஒரு அஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓடும்” என்று தள்ளிப்போடுவதில் நாம் கெட்டிக்காரர்கள். வண்டியை அதிகம் எடுக்காதவர்களின் தவறு வேறு மாதிரி. பள்ளம் அப்படியே இருக்கும், ரப்பர் கிழடாகியிருக்கும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. நம் டயருக்கு வயது என்ன என்று கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வோம்? டிக்கிக்குள் கிடக்கும் ஸ்டெப்னியின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நடுவழியில் பஞ்சராகும்போதுதான் அதிலும் காத்து இல்லை என்பது தெரியவரும்.

அடுத்தது பிரேக். பல பிரேக் பேடுகளில் சிறு உலோகத் தகடு ஒன்று வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்ததும் அது டிஸ்கில் உரசிக் கீச்சிடும். மாற்றச் சொல்லிக் கெஞ்சும் சத்தம் அது. நாம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டின் சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறோம். பிரேக் ஆயிலுக்கு இந்தக் குரல்கூடக் கிடையாது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். நாம் குப்பியில் அளவு குறைந்தால் கொஞ்சம் ஊற்றுவதோடு சரி.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறை சாலையில் 40. அங்கிருந்து இறங்கும்போது பழைய பிரேக் ஆயில் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது. விடாமல் மிதித்த பிரேக் சூடேறி, ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை டிரைவர்களுக்குப் பாலபாடம். நாம் நியூட்ரலில் போட்டு இறங்குகிறோம், பெட்ரோல் மிச்சமாம். இன்றைய இன்ஜெக்‌ஷன் என்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகும். மிச்சமும் இல்லை, பிரேக்குக்குத் துணையாக என்ஜினும் இல்லை. ஏ.பி.எஸ். உள்ள காரை அழுத்தி மிதித்தால் பெடல் அதிரும். அது வேலை செய்கிறது என்று பொருள். காலை எடுக்காமல் மிதித்தபடியே வளைத்து விலக வேண்டும். இதை நமக்கு ஓட்டுநர் பள்ளியிலும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பானட்டைத் திறக்கத் தெரியாமலேயே லைசென்ஸ் வாங்கினோம். காரோடு வந்த கையேடு பிளாஸ்டிக் உறை பிரியாமல் டேஷ்போர்டுக்குள் தூங்குகிறது.

மெக்கானிக்கிடம் போனால், “இப்போதைக்கு ஓடுற மாதிரி பண்ணிக் குடுங்கண்ணே” என்கிறோம். மூன்று வேலை சொன்னால் ஒன்றைச் செய்யச் சொல்கிறோம். அவர் எச்சரித்த மற்ற இரண்டையும் வீட்டில் யாரிடமும் சொல்வதில்லை. ஊருக்குப் போக ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுகிறோம். பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கும் என்பதை அவரிடமும் சொல்வதில்லை. அவர் அதை நெடுஞ்சாலையில், நம் பிள்ளைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு, தானாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆயுத பூஜைக்கு மட்டும் குறை வைப்பதில்லை. கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். பூஜையில் பிழையில்லை. கருவியை வைத்துப் பிழைக்கிறவர் அதைப் பிரித்து, துடைத்து, தீட்டி, எண்ணெய் போட்டபின் கும்பிடும் நாள் அது. பட்டறைக்காரர் இன்றும் அப்படித்தான் செய்கிறார். எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்த நாம் அந்த டயரைப் பார்க்காமல் நிமிர்ந்துவிடுகிறோம்.

வண்டி நன்றாக இருந்தாலும் உள்ளே உட்காரும் விதத்தில் கோட்டை விடுகிறோம். முன்சீட்டுக்காரர் பெல்ட் போடுகிறார், பெரும்பாலும் போலீசுக்காக. டோல்கேட் தாண்டியதும் கழற்றுகிறவர் உண்டு. பின்சீட்டில் பெல்ட்டின் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார் பாலத்தில் மோதியது. முன்னால் இருந்த இருவரும் காயங்களோடு பிழைத்தார்கள். பின்னால் இருந்த அவரும் இன்னொருவரும் இறந்தார்கள். பின்சீட்டில் இருந்தவர்கள் பெல்ட் அணியவில்லை என்றது போலீஸ். விலையுயர்ந்த கார், ஏர்பேக்குகள் எல்லாம் இருந்தும் பயனில்லை. ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசினோம். பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம் என்பது அதற்கு வெகு முன்பே இருந்த விதி.

அந்த 2022இல் மட்டும் பெல்ட் அணியாமல் பயணித்து விபத்தில் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் டிரைவர்கள் அல்ல, உடன் வந்தவர்கள். பெல்ட் போடாவிட்டால் கார் பீப் பீப் என்று நச்சரிக்கும். அதை வாயடைக்க, கொக்கியில் செருகும் போலி கிளிப்பைக் காசு கொடுத்து வாங்கினோம். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்ட பிறகு ஆன்லைன் கடைகளிலிருந்து நீக்கப்பட்ட அத்தகைய விற்பனைப் பதிவுகள் 13,118. இத்தனையும் கடை விரித்தது, வாங்க நாம் இருந்ததால்தான்.

குழந்தை விஷயத்தில் நம் பாசமே ஆபத்தாகிறது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் சட்டம் வந்தது. நாம் கைக்குழந்தையை முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்கிறோம். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் எந்தத் தாயின் பிடியும் நிற்காது. கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும் ஏர்பேக், பெல்ட் போட்ட பெரியவருக்காகக் கணக்கிட்டுச் செய்தது. குழந்தையின் தலைக்கு அது பேரடி. சிலர் அந்த ஏர்பேக் மூடியின் மேலேயே சாமி சிலையை ஒட்டிவைக்கிறார்கள். பை விரிந்தால் அந்தச் சிலை எதிரில் இருப்பவரின் முகத்துக்குத்தான் வரும்.

பராமரிப்பு வண்டிக்கு மட்டும் உரியதல்ல, ஓட்டுகிறவருக்கும் உண்டு. பொங்கலுக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ சென்னையிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் போக வேண்டும், 600 கிலோமீட்டருக்கு மேல். பகல் முழுக்க ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு, “நைட்டுல டிராஃபிக் இருக்காது” என்று பத்து மணிக்குக் கிளம்புகிறோம். விடியற்காலையில், உடம்பு தூங்கியே ஆக வேண்டிய நேரத்தில், ஒரு டீயை நம்பிக் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறோம். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் அயர்ந்தால் கார் 66 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். செல்போனைக் குனிந்து பார்த்தாலும் அதே கணக்குதான். எதிரில் வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும் ஹை பீமை இறக்காமல் போவதும் நம் பழக்கம். அவர் இறக்கவில்லை, நான் ஏன் இறக்க வேண்டும் என்ற வீம்பில் இரண்டு பேரும் குருடாகிறோம்.

இதெல்லாம் நம் உயிர், நம் பாடு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நம் மாநிலமே முதலிடம். நாடு முழுதும் இறந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்களும் நடந்து போனவர்களும். கார், டாக்சி, வேன்களில் இருந்தவர்கள் நூற்றுக்கு 12 அல்லது 13 பேர். நம்மைச் சுற்றித் தகரமும் காற்றுப் பையும் இருக்கின்றன. நம் பிரேக் இரண்டு மீட்டர் தாமதமாகப் பிடித்தால் முதல் அடி வாங்குவது பால் பாக்கெட் வாங்கப் போனவரும் டி.வி.எஸ். 50இல் வயலுக்குப் போனவரும். அவர்களிடம் கேட்காமல் அவர்கள் உயிரைப் பணயம் வைத்துத்தான் நாம் இத்தனை நாள் சர்வீஸ் செலவை மிச்சம் பிடித்தோம். இதை அலட்சியம் என்று மென்மையாகச் சொல்வதுகூட நமக்கு நாமே காட்டும் சலுகை.

திருத்திக்கொள்ளப் பெரிய செலவு வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, வண்டியை எடுப்பதற்கு முன் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஸ்டெப்னியோடு ஐந்து டயருக்கும் காத்து, பள்ளம், வெடிப்பு பாருங்கள். என்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் அளவு பாருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் பிரேக் லைட்டையும் இண்டிகேட்டரையும் போட்டு, எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வைப்பர் ரப்பரை மழைக்காலத்துக்கு முன்பே மாற்றுங்கள். மெக்கானிக் சொன்னதை எழுதிவைத்து, பிரேக், டயர், ஸ்டியரிங் மூன்றையும் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். கண் சொக்கினால் வண்டியை ஓரங்கட்டித் தூங்குங்கள். குலதெய்வம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. பின்சீட்டில் கடைசி ஆளும் பெல்ட் போடும் வரை வண்டியை நகர்த்தாதீர்கள்.