படியும் பைட்டும்

பிள்ளைகள் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துவிட்டால் போதும், "அதெல்லாம் எனக்கென்னடி தெரியும், டியூஷன்ல கேட்டுக்கோ" என்று நம்மில் பல பேர் ஒதுங்கிக்கொள்கிறோம். எங்கள் கள்ளிக்குப்பத்திலும் இதே பேச்சுதான். இரண்டு தடவை இப்படிச் சொன்னால், மூன்றாம் தடவை பிள்ளை நம்மிடம் கேட்கவே வராது. பெண் பிள்ளையாக இருந்தால், 'நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்குக் கணக்கு வராது போல' என்று தானாகவே முடிவு கட்டிவிடும். அதுதான் எனக்குக் கவலை.

சகோதரிகளே, அந்தப் பாடத்தின் ஆரம்பம் நம் அடுக்களையிலேயே இருக்கிறது!

1956ஆம் வருஷத்துச் சட்டத்தால் கிலோவும் லிட்டரும் வருவதற்கு முன், நம் வீடுகளில் அரிசி அளந்தது எப்படி? 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு அரைப்படி. 2 அரைப்படி 1 படி. ஒவ்வொன்றும் முந்தினதைப் போல இரண்டு மடங்கு.

மாமியார் காலத்துப் பாத்திரங்கள் இருந்தால் எடுத்து, படி, அரைப்படி, உழக்கு, ஆழாக்கு என்று வரிசையாக வையுங்கள். ஆழாக்குக் கணக்கில் 8, 4, 2, 1. பாத்திரம் இல்லையென்றால் காகிதத் துண்டுகளில் இந்த எண்களை எழுதிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பாத்திரத்தையும் ஒரே தடவைதான் எடுக்கலாம். இப்போது பிள்ளையை 11 ஆழாக்கு அளக்கச் சொல்லுங்கள். படி வேண்டும், அரைப்படி வேண்டாம், உழக்கு வேண்டும், ஆழாக்கு வேண்டும். 8+2+1. எடுத்ததற்கு 1, எடுக்காததற்கு 0 போட்டால் 1011. புத்தகத்தில் வரும் இருநிலை எண் இதுதான். இதை ஆயிரத்துப் பதினொன்று என்று படிக்கக் கூடாது. ஒன்று, சுழி, ஒன்று, ஒன்று என்றே படிக்க வேண்டும். இந்த நாலு பாத்திரத்தை வைத்து 1 முதல் 15 வரை எதையும் அளந்துவிடலாம்.

கம்ப்யூட்டருக்கு ஏன் இந்த இரண்டு எண் மட்டும்? உள்ளே இருப்பதெல்லாம் குட்டிக் குட்டி ஸ்விட்சுகள். ஸ்விட்ச் போட்டிருந்தால் 1, அணைத்திருந்தால் 0. அப்படி ஒரு இடத்துக்குப் பெயர் பிட். அமெரிக்கக் கணித நிபுணர் கிளாட் ஷானன் 1948இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சொல் அச்சேறியது.

8 பிட் சேர்ந்தால் 1 பைட். 8 ஆழாக்கு 1 படி என்பதைப் போல ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2ஐ எட்டுத் தடவை எழுதிப் பெருக்கினால் 256. ஒரு பைட்டில் அத்தனை விதமான 0, 1 வரிசைகள் அமையும். பத்துத் தடவை பெருக்கினால் 1,024. பாடத்தில் 1 கிலோபைட் என்பது 1,000 பைட்டாக இல்லாமல் 1,024 பைட்டாக இருப்பது இதனால்தான்.

குழந்தைகளுக்கு ஒரு கேள்வி: 16 ஆழாக்கு கொள்ளும் ஐந்தாவது பாத்திரமும் சேர்ந்தால் எதுவரை அளக்கலாம்? விடை 31. உடனே சொல்லிவிடாதீர்கள், அரிசியைக் கொடுத்து அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள்.