விமானத்தில் விஷம்! கூலிக்காரன் முதுகில் மருந்தா?

தோழர்களே! பீளமேட்டு விமான நிலையத்துக்குள் காங்கயம் கொப்பரையைப் பையில் போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். விடமாட்டார்கள். எண்ணெய் மிகுந்த கொப்பரை தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்று ஐ.நா. பட்டியல் 1363 என எண் கொடுத்து அதை அபாயப் பொருளாக வைத்திருக்கிறது. தீப்பெட்டி கூடாது. பெட்ரோல் கூடாது. பூச்சிமருந்துப் புட்டி கூடவே கூடாது. பவர் பேங்க் கைப்பையில் வரலாம், சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வரக்கூடாது. அங்கே தீப்பிடித்தால் பார்க்க ஆளில்லை.

இந்த விதிகளை நாம் கேலி செய்யவில்லை. உயிர்களைக் கொடுத்து வாங்கிய விதிகள் இவை. 1996 மே 11ந் தேதி அமெரிக்காவில் மயாமியிலிருந்து கிளம்பிய பிரயாணி விமானம் ஒன்று சில நிமிடங்களில் தீப்பற்றிச் சதுப்பு நிலத்தில் விழுந்தது. இருந்த 110 பேரும் மாண்டனர். காரணம் என்ன? பிராணவாயு உண்டாக்கும் பழைய கலங்களைப் பாதுகாப்பு மூடி போடாமல், ‘காலி’ என்று சீட்டெழுதிச் சரக்கறையில் ஏற்றியிருந்தார்கள். பராமரிப்பு வேலையை அந்தக் கம்பெனி கான்டிராக்டில் விட்டிருந்தது. கான்டிராக்ட் என்றால் என்னவென்று மில் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் 2003ல் விதிகள் வந்தன. பொட்டலத்தின் மேல் அபாயக் குறி ஒட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அனுப்புகிறவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். கையாளும் ஊழியருக்குப் பயிற்சி தர வேண்டும். நல்லது, மிக நல்லது.

ஆனால் அதே பூச்சிமருந்து விமான நிலைய வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் என்ன ஆகிறது? உள்ளே விஷம், வெளியே வெறும் ‘மருந்து’!

சென்ற பருவத்தில் அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்தில் மருந்தடிக்கும் தோழரைப் பார்த்தேன். முதுகில் 16 லிட்டர் டேங்க். கசிந்து சட்டை நனைந்திருந்தது. கையில் உறை இல்லை. கேட்டேன். “மூஞ்சிக்குக் கட்டறதுக்குத் துண்டு இருக்குதுங்க தோழர். அதே போதும்னு பண்ணாடி சொல்லிப்போட்டாருங்க” என்றார்.

சட்டம் இல்லையா? இருக்கிறது! 1968ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் செய்தார்கள். 1971 விதிகளில் பாதுகாப்பு உடை, சுவாசக் கவசம், வைத்தியப் பரிசோதனை எல்லாம் எழுதியிருக்கிறார்கள். எழுதி என்ன? 2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடித்த 20க்கும் மேற்பட்ட ஏழைகள் செத்தார்கள். மகாராஷ்டிரத்துப் பஞ்சு நம் கோவை மில்களுக்கும் வருகிறது, தோழர்களே!

‘ஆகாயத்தில் ஆபத்து வந்தால் இறங்கி ஓட வழியில்லை, தரையில் அப்படியா?’ என்று சில கனவான்கள் கேட்பார்கள். தோல் வழியே விஷம் உடம்புக்குள் போன பிறகு கூலிக்காரன் எங்கே இறங்கி ஓடுவான்?

விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்க்க ஆள் நிற்கிறார். தடுத்து நிறுத்த அவருக்கு அதிகாரம் இருக்கிறது. தோட்டத்து வரப்பில் யார் நிற்கிறார்? சர்க்காருக்கு அங்கே வழி தெரியாதா? கடன் பாக்கி வசூலிக்க மட்டும் ஆபீசர்கள் தவறாமல் வருகிறார்களே!

நாம் கேட்பது பெரிதல்ல. மருந்தடிப்பு தொடங்குமுன் கையுறையும் கவசமும் கொடுக்க வேண்டும். அதற்குக் கூலியில் ஒரு காசு பிடிக்கக் கூடாது. இன்ஸ்பெக்டர்கள் கடையோடு நிற்காமல் காட்டுக்கு வரவேண்டும். விவசாயத் தொழிலாளர்கள் இந்த மனுவோடு வேளாண்மை ஆபீசுக்குப் போகும் நாளில், ஷிப்ட் முடிந்த மில் தோழர்களும் அப்படியே அங்கே வந்துவிடுங்கள்.