தாத்தாவுக்கும் ஒரு நுழைவுச்சீட்டு

“நான்கு சீட்டுகள்தானே, அம்மா?” கணினியின் முன் அமர்ந்திருந்த என் மகள் கேட்டாள். அவள் இரண்டாம் படிவ மாணவி. வார இறுதியில் சன்வே லகூன் கேளிக்கைப் பூங்காவிற்குச் செல்ல, இணையத்தில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டிருந்தோம். நான், என் கணவர், மகள், ஒன்பது வயது மகன் என நால்வர். நானும் “ஆமாம்” என்றேன்.

அடுத்த அறையில் நாளிதழ் வாசித்துக்கொண்டிருந்த என் அப்பா, “நீங்கள் போய் வாருங்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். அவரை யாரும் அழைக்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு அவராகவே பதில் சொன்னது என் மனத்தை உறுத்தியது.

அப்பாவுக்கு வயது 72. எங்களோடுதான் வாழ்கிறார். பள்ளி முடிந்ததும் பேரனை அழைத்து வருபவர் அவர்தான். நானும் கணவரும் வேலை முடிந்து திரும்பும்வரை பிள்ளைகளுக்குத் துணையாக இருப்பவரும் அவர்தான். வேலைக்குத் தாத்தா வேண்டும், விளையாட்டுக்கு வேண்டாமா? இக்கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை. ஐந்தாவது சீட்டை வாங்கினோம்.

குடும்பச் சுற்றுலா என்றால் வீட்டிலுள்ள மூத்தோரையும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்பது என் கருத்து. அதற்குக் கடமை மட்டுமே காரணம் அன்று. அவர்கள் இல்லாத பயணத்தில் பிள்ளைகளும் எதையோ இழக்கிறார்கள் என்பதை அன்று நேரில் கண்டேன்.

சனிக்கிழமை காலை கிள்ளானிலிருந்து புறப்பட்டோம். சன்வே லகூன் சாலை மட்டத்திலிருந்து தாழ்ந்த, பெரிய பள்ளம் ஒன்றில் அமைந்திருக்கிறது. மேலே நின்று பார்த்தால் நீர்ச்சறுக்குகளும் செயற்கைக் கடற்கரையும் காலடியில் தெரியும். என் மகன், “ஏன் இவ்வளவு ஆழத்தில் கட்டியிருக்கிறார்கள்?” என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. “கட்டுவதற்காகத் தோண்டிய பள்ளம் இல்லையடா இது. ஈயம் எடுப்பதற்காகத் தோண்டியது” என்றார் அப்பா.

நாம் பேச்சு வழக்கில் ஈயம் என்று சொல்லும் வெள்ளீயத்தை, ஒரு காலத்தில் உலகிலேயே மிக அதிகமாக உற்பத்தி செய்த நாடு நம்முடையது. 1985ஆம் ஆண்டு உலகச் சந்தையில் அதன் விலை சரிந்தபோது பல சுரங்கங்கள் மூடப்பட்டன. சிலாங்கூரிலும் பேராக்கிலும் நாம் காணும் ஈயக் குட்டைகள் பல அச்சுரங்கங்களின் மிச்சமே. அவ்வாறு கைவிடப்பட்ட சுரங்க நிலத்தில்தான் 1993ஆம் ஆண்டு இப்பூங்கா திறக்கப்பட்டது. இவற்றை நான் பாடநூலில் படித்திருக்கலாம். ஆனால், 1970களில் இதே வட்டாரத்தில் லோரி ஓட்டிய ஒருவர் அருகில் நின்று சொல்லும்போது அது வேறு பாடமாக இருந்தது.

பூங்காவின் நீண்ட தொங்குபாலத்தில் நடந்தபோது பிள்ளைகள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். நீரை வேகமாகப் பீய்ச்சி மண்ணைக் கரைப்பார்கள் என்றும், அச்சேற்றைக் குழாய்வழி மேலேற்றிப் ‘பலோங்’ எனப்படும் சரிவான மரத் தொட்டியில் ஓட விடுவார்கள் என்றும் அப்பா விளக்கினார். “அதுவும் ஒரு சறுக்குதான். கனமான ஈயத் தாது அடியில் தங்கிவிடும். மணல் ஓடிப்போய்விடும். அந்த மணலைத்தான் நான் லோரியில் ஏற்றிக்கொண்டு வீடு கட்டும் இடங்களுக்குக் கொண்டு போவேன்” என்றார். நான் அவருடைய மகள். நாற்பது ஆண்டுகளில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

“சவாரிகளில் ஏறாதவருக்கு எதற்குக் கட்டணம்?” எனச் சிலர் கேட்கலாம். ஒரு பெரியவருக்கான சீட்டு நூறு ரிங்கிட்டைத் தாண்டும்போது, அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால், உயரத்தைக் கண்டால் அஞ்சும் என் கணவர் அன்று இரண்டே சவாரிகளில்தான் ஏறினார். அவருடைய சீட்டு வீணாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லையே! ஏறிய சவாரிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அப்பாவை மட்டும் அளப்பது எப்படிச் சரியாகும்? செலவைக் குறைக்க வேறு வழிகள் உண்டு. பல இடங்களில் 60 வயதைக் கடந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை தருகிறார்கள். சீட்டு வாங்கும் முன் அதை விசாரிக்கலாம். நாங்கள் காலை உணவை வீட்டிலேயே முடித்துக்கொண்டோம். நினைவுப் பொருள்கள் எதையும் வாங்கவில்லை.

“வெயிலையும் நடையையும் முதியவர்களால் தாங்க முடியுமா?” என்பது அடுத்த கேள்வி. இது புறந்தள்ள முடியாத கேள்வி. பூங்கா திறக்கும் நேரத்திலேயே சென்றோம். தொப்பி, தண்ணீர், அவருடைய மாத்திரைகள் ஆகியவற்றை மறக்காமல் எடுத்துக்கொண்டோம். அப்பா நிழலில் அமர்ந்திருந்த நேரங்களில் முறை வைத்து ஒருவர் அவருடன் இருந்தோம். இருப்பினும், பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் அவர் களைத்துவிட்டார். மூன்று மணிக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. என் மகள் பல நாளாக ஆசைப்பட்ட ஒரு நீர்ச்சறுக்கில் அன்று ஏற முடியவில்லை. காரில் சிறிது நேரம் அவள் யாருடனும் பேசவில்லை. அவளுக்கு அது இழப்புதான். அதை நான் மறைக்க விரும்பவில்லை. சேர்ந்து செல்லும் பயணத்தில் ஒவ்வொருவரும் எதையாவது சிறிது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. இத்தனை நாளும் அப்பா ஒருவரே முழுவதையும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அன்று அதை ஐவரும் பங்கிட்டுக்கொண்டோம்.

“அவர்களே வேண்டாம் என்கிறார்களே” என்பது மூன்றாவது காரணம். இதைத்தான் நாம் மிக எளிதாக ஏற்றுக்கொள்கிறோம். ஏனெனில், அது நமக்கு வசதியாக இருக்கிறது. உண்மையாகவே வர விரும்பாத முதியவர்கள் இருக்கிறார்கள். உடல்நலம் இடம் கொடாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்துவது அன்பாகாது. அவர்களுக்கு ஏற்ற வேறோர் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால், பிறருக்குத் தொல்லையாகிவிடுவோமோ என்ற தயக்கத்தாலும் ‘வேண்டாம்’ என்ற சொல் வருவதுண்டு. இரண்டையும் வேறுபடுத்தி அறிய ஒரே வழி, அருகில் அமர்ந்து ஒருமுறைக்கு இருமுறை கேட்பதுதான். அன்றிரவு நான் கேட்டேன். அப்பா உடனே பதில் சொல்லவில்லை. “வெயிலுக்குத் தொப்பி இருக்கிறதா என்று பார்க்கணும்” என்றார். அதுவே அவருடைய சம்மதம்.

வீடு திரும்பும் வழியில் கூட்டரசு நெடுஞ்சாலையில் வாகன நெரிசல். மகனோ தாத்தாவின் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டான். பேசாமல் வந்த மகள், “தாத்தா, அந்த லோரி என்ன நிறம்?” என்று கேட்டாள். கிள்ளான் வந்து சேரும்வரை அந்தப் பேச்சு முடியவில்லை.

மாணவர்களே, அடுத்த முறை உங்கள் வீட்டில் பயணத்திற்குத் திட்டமிடும்போது, இணையத்தில் சீட்டுகளைப் பதிவு செய்பவர் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். எண்ணிக்கையைத் தட்டச்சு செய்வதற்கு முன் அடுத்த அறைக்குச் செல்லுங்கள். அங்கிருக்கும் தாத்தாவிடமோ பாட்டியிடமோ, “நீங்களும் வருகிறீர்களா?” என்று கேளுங்கள். அவர்கள் ‘வேண்டாம்’ என்றால் இன்னொரு முறையும் கேளுங்கள்.