தூசி தின்கிறவனுக்கு வாயில்லையா?



மலையை உடைத்துக் கடலில் கொட்டி விழிஞ்ஞத்தில் துறைமுகம் கட்டினார்கள். சுமார் 3 கிலோமீட்டர் நீள அலைத்தடுப்புச் சுவருக்குக் கல் கேரளக் குவாரிகளிலிருந்து வந்தது; நமது குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்தும் வந்தது. 2025 மே 2 அன்று பிரதமர் வந்து துறைமுகத்தைத் திறந்து வைத்தார். கப்பல் வரட்டும், நாடு வளரட்டும். அதற்கு நாம் எதிரிகள் அல்ல. ஆனால் அந்தக் கல்லை உடைத்தபோதும் ஏற்றியபோதும் இறக்கியபோதும் எழுந்த தூசி எங்கே போயிற்று? சாலையோரக் குடியிருப்புக்குள் போயிற்று. உழைப்பாளியின் நெஞ்சுக்குள் போயிற்று. திறப்பு விழாக் கணக்கில் அது ஏறவில்லை.

தூசிக்கு விதி இல்லையா? இருக்கிறது. அதை எழுதியபோது யாரைக் கேட்டார்கள் என்பதே நமது கேள்வி.

1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி, ஓர் இடத்தைக் காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியாக மாநில அரசு அறிவிக்கலாம். அதற்கு முன் கலந்தாலோசிக்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை. அந்தக் காற்றைச் சுவாசிக்கிறவனைக் கேள் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல் இல்லை.

அளவைப் பாருங்கள். தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்தூசி, ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று 2009இல் டில்லியில் அறிவித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதற்கு வைத்த அளவு 5. எட்டு மடங்கு வித்தியாசம்! ஜெனீவாக்காரனின் நுரையீரல் சதை, நம்முடையது கருங்கல்லா?

அந்த 40ஐயும் நகரத்தின் சராசரியாகத்தான் பார்க்கிறார்கள். கல் அறுக்கும் இயந்திரத்தின் முன்னே கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு நிற்கிறவனின் காற்றை எந்தக் கருவி அளக்கிறது? கருங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கி, பஞ்சாக இருக்க வேண்டியதைத் தழும்பாக்கி இறுக்குகிறது. சிலிக்கோசிஸ் என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்தே வெளியே தெரியும். குணமாக்கும் மருந்து கிடையாது. அதற்குள் தொழிலாளி ஊர் திரும்பியிருப்பான். வேலை வாங்கிய மாநிலத்தின் கணக்கிலும் அவன் இல்லை, பிறந்த மாநிலத்தின் கணக்கிலும் அவன் இல்லை. இருமல் மட்டும் அவனுக்குச் சொந்தம்.

2018இல் மத்திய அரசு கட்டுமானத் தூசி விதிகளை வெளியிட்டது. திறந்த வெளியில் கல் அறுக்கக்கூடாது, பாரத்தை மூடாமல் ஏற்றிச் செல்லக்கூடாது, தண்ணீர் தெளிக்க வேண்டும், தூசித் தடுப்பு ஏற்பாடுகளைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. நல்ல விதிகள்தான். ஆனால் அவற்றில் ஒரு பகுதி, காற்றுத் தூசி தேசிய வரம்பைத் தாண்டிய நகரங்களுக்கு மட்டுமே கட்டாயம். வரம்பு தளர்ந்திருந்தால் நகரம் காகிதத்தில் சுத்தம். விதி நம்மை எட்டாது. பாரம் ஏற்றுவதில் காட்டும் அலட்சியத்தின் விலை என்ன? 2024 மார்ச்சில் துறைமுகத்துக்குக் கல் கொண்டுபோன டிப்பரிலிருந்து கல் விழுந்து ஒரு கல்லூரி மாணவரின் உயிர் போயிற்று. அதன் பிறகுதான் அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். கல் விழுந்தால் உடனே சாவு. தூசி விழுந்தால் தவணை முறையில் சாவு.

"மக்கள் கருத்தைக் கேட்டுத்தானே செய்தோம்" என்பார்கள். 2013 ஜூனில் துறைமுகத்துக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது; 2014 ஜனவரியில் அனுமதியும் வந்தது. ஆனால் இத்தகைய கூட்டங்களுக்கான 2006ஆம் ஆண்டு அறிவிக்கை என்ன சொல்கிறது? அறிக்கையின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் அந்த வட்டாரத்தின் மொழியிலும் தந்தால் போதும். மலையாளம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத நம் கொத்தனாரும் சித்தாளும் அதைப் பார்த்து என்ன சொல்வார்கள்?

மொழி சிறிய விஷயமல்ல. அந்த அனுமதி விதிகளையே மாற்ற 2020இல் மத்திய அரசு கொண்டுவந்த வரைவு, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தது. வழக்குப் போட்ட பிறகு, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகள் எல்லாவற்றிலும் மொழிபெயர்க்கும்படி டில்லி உயர்நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது; கருத்துச் சொல்லும் கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. புரியாத மொழியில் கேட்பது கேட்பதே ஆகாது!

"பிழைக்க வந்தவனுக்கு இங்கே என்ன பேச்சு?" என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். வந்தவன் மூச்சு விடாமலா வேலை செய்கிறான்? கடலரிப்பில் வீடிழந்து வலியதுறை சிமென்ட் கிடங்கில் பிள்ளைகளோடு கிடந்த மீனவக் குடும்பங்கள் இந்த மண்ணின் மக்கள்தானே? அவர்களையும் கேட்கவில்லை. அதனால்தான் 2022இல் மீனவ மக்கள் மாதக்கணக்கில் போராட வேண்டி வந்தது. பிரிவு மலையாளி, தமிழன் என்பதில் இல்லை. தூசி தின்கிறவன், தூசியில் காசு பார்க்கிறவன் என்பதில்தான்.

"விதி கடுமையானால் வேலை போய்விடும்" என்று மேஸ்திரி பயமுறுத்துவார். தார்ப்பாய் போட்டு மூட ஆள் வேண்டும், தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும். போவது வேலையல்ல, ஒப்பந்தக்காரரின் லாபத்தில் ஒரு துளி.

ஆகவே காற்று விதிகளைப் புதுப்பிக்கும்போது நாம் கேட்பவை:

1. வரைவு தமிழிலும் வரவேண்டும். குடியிருப்புகளில் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும்.

2. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை அல்லது வேலை முடிந்த பின் நடக்க வேண்டும். ஒருநாள் கூலியை இழந்துதான் உரிமை பேச வேண்டும் என்றால் அது உரிமையல்ல.

3. வேலைத்தளத்திலும் லாரிப் பாதையிலும் தூசியை அளந்து, அளவைப் பலகையில் எழுத வேண்டும்.

4. அபராதம் ஒப்பந்தக்காரருக்கு, தூசியால் வேலை நின்ற நாளுக்குத் தொழிலாளிக்கு முழுக் கூலி.

தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அம்மொழியில் வரவேண்டும் என்று கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தந்தது. அந்த உரிமையை நம்மில் எத்தனை பேர் கையில் எடுத்தோம்? எழுதத் தெரிந்த பிள்ளைகளை உட்கார வைத்து, வீட்டுக்கு ஒரு மனு தமிழில் எழுதுங்கள். கைநாட்டும் கையெழுத்துத்தான்.

மலையை உடைத்த கைகளுக்கு ஒரு மனு எழுதுவது பெரிதல்ல. எழுதுவோம், கூடுவோம், கேட்க வைப்போம்!