நகரவாசியின் அதிருப்தி

செங்கற்பட்டு நகரவாசிகளுடன் சிறிது நேரம் பேசினால் போதும், ஊரைப் பற்றிய குறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். தெருவில் குப்பை, கொளவாய் ஏரியில் கழிவுநீர், பிழைப்பின் பொருட்டு அன்றாடம் மின்சார ரயிலில் சென்னைப் பிரயாணம். கிராமத்தின் காற்றும் நீரும் போய்விட்டன. பட்டணத்தின் சௌகரியங்களோ வந்து சேரவில்லை. இரண்டுங்கெட்டான் ஊர் என்று அலுத்துக் கொள்கிறார்கள். 2019 நவம்பரில் தனி ஜில்லாவின் தலைநகரமான பிறகும் இந்த அலுப்புத் தீரவில்லை.

இதை நன்றியற்ற முணுமுணுப்பு என்று சிலர் தள்ளுகிறார்கள். பிடிக்காதவர்கள் சென்னைக்குக் குடிபோகட்டும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் பொருந்தாத பதில்கள் என்பது நமது அபிப்பிராயம். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் தத்தளித்த சென்னை, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் தருவிக்கும் நிலைக்கு வந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊரை மாற்றுவதால் குறை தீராது.

காரியம் செய்ய நமக்குத் திறமையில்லை என்றும் சொல்லுவதற்கில்லை. இதே ஜில்லாவைச் சேர்ந்த கோவளம் கடற்கரை, சுத்தத்திற்கும் பாதுகாப்பிற்கும் சர்வதேச அளவில் வழங்கப்படும் நீலக்கொடியை 2021-ல் பெற்றது. கோவளத்துக்குத் தெற்கே நெம்மேலியில் 2013-லும் 2024-லும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் திறக்கப்பட்டு, சென்னைக்குத் தண்ணீர் போகிறது. விருந்தினர் உலாவும் மணலைச் சுத்தமாக வைக்கத் தெரிந்தவர்களுக்கு, குடிமக்கள் நடக்கும் தெருவைச் சுத்தமாக வைக்கத் தெரியாதா? தெரியும். கேட்பாரும் பதில் சொல்லுவாரும் இருந்தால் நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது.

அந்தப் பதில் சொல்லும் ஸ்தானமே இங்கு வெகுகாலம் காலியாகக் கிடந்தது. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு ஸ்தல ஸ்தாபனங்களின் ஆயுட்காலம் முடிந்தது. கோர்ட்டு வழக்கு, வார்டு எல்லை, ஜில்லாப் பிரிவினை என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. 2019 டிசம்பரில் பெரும்பாலான ஜில்லாக்களின் கிராமங்கள் வாக்களித்தபோது, புதிதாகப் பிரிந்தது என்று செங்கற்பட்டு விலக்கி வைக்கப்பட்டது. ஆகவே கோவளம் பஞ்சாயத்து 2021 அக்டோபர் வரையிலும், செங்கற்பட்டு நகரம் 2022 பிப்ரவரி வரையிலும் பிரதிநிதிகளின்றித் தனி அதிகாரிகளின் கீழ் இருந்தன. ஐந்து வருஷம் முடியுமுன் தேர்தல் முடிய வேண்டும் என்று அரசியல் சட்டம் விதிக்கிறது. சட்டம் விதித்தது ஒன்று. சர்க்கார் நடத்தியது வேறொன்று.

ஸ்தல சுயாட்சியின் முக்கியப் பயன் நிர்வாகச் சீர்திருத்தம் அன்று, ஜனங்களுக்குக் கிடைக்கும் அரசியல் பயிற்சியே என்று 1882-ல் ரிப்பன் பிரபுவின் தீர்மானம் கூறிற்று. அந்நிய ஆட்சி ஒப்புக்கொண்ட உண்மையைச் சுயராஜ்ய சர்க்கார் மறப்பது அழகாகுமா? ராஜாஜி 1917-ல் சேலம் நகரசபைக்கும், வல்லபாய் படேல் 1924-ல் ஆமதாபாத் நகரசபைக்கும் தலைமை ஏற்றார்கள். தேசத்தை ஆளப் போகிறவர்கள் தெருவிளக்கையும் சாக்கடையையும் கவனிப்பதைத் தாழ்வாக நினைக்கவில்லை. இன்றைய தொண்டர்களோ சட்டசபையையும் பார்லிமெண்டையும் தவிர வேறு எதையும் அரசியலாகவே கருதுவதில்லை. இது விசனிக்கத்தக்கது.

நகரவாசியின் அதிருப்தி ஒரு நோயல்ல. பிரஜா உணர்ச்சியின் முதல் அடையாளம். ஆனால் திண்ணையிலும் ரயில் வண்டியிலும் பேசித் தீர்த்துவிட்டால் அது வெறும் புகைச்சலாகவே போகும். கோவளத்தாருக்குக் கிராமசபை இருக்கிறது. நகரவாசிகளுக்கு 2022 முதல் பகுதி சபைகள் ஏற்பட்டிருக்கின்றன. அங்கே சென்று, வரி எவ்வளவு வந்தது, எங்கே போயிற்று, ஏரிக்குள் கழிவுநீரை விடுவது யார் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பதிலை எழுத்து மூலம் பெற வேண்டும்.

சர்க்காரும் ஒன்றைச் செய்ய வேண்டும். ஸ்தல ஸ்தாபனங்களின் காலம் முடியும்பொழுது, எந்தக் காரணம் பற்றியும் ஒரு நாள்கூடத் தேர்தலைத் தள்ளிப்போடலாகாது. குறை கேட்க ஆளில்லாத ஊரில் குறை தீர வழியில்லை.